பாதரசம் பெய்த வீடு

1994 ஜூன் ஒன்பதாம் தேதி கசார்வாடி முழுக்கத் தண்ணீர் மழை பெய்தது. பரமசிவத்தின் வீட்டின் மேல் மட்டும் பாதரசம் பெய்தது. நாற்பது நிமிடம். சத்தம் சற்றுக் கனமாக இருந்ததென்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள், அவ்வளவுதான்.

தெற்கிலிருந்து பிழைக்க வந்த பரமசிவம், ரவிவார் பேட்டை நகைப் பட்டறைகளில் கூட்டிய தூசியை மூட்டையாக வாங்கி வந்து, தட்டில் அலசி, பாதரசம் விட்டுப் பிசைவார். தூசியிலிருக்கும் பொன் துகளை அது கவ்விக்கொள்ளும். அந்த உருண்டையை அடுப்பில் காய்ச்சினால் பாதரசம் புகையாகிப் போகும், பொன் தங்கும். ஒன்பது வருடமாகப் போன புகை எங்கே போகிறதென்று அவர் யோசித்ததில்லை. இரண்டு வருடமாகக் கை நடுங்கியது. டீ டம்ளரைப் பாதியாகத்தான் நிரப்பிக் கொடுத்தாள் மனைவி ஜெபமணி. வயசாகிறது என்றார் அவர். வயது முப்பத்தெட்டு.

மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஜெபமணி முற்றத்தில் மண்சட்டிகளை வைத்துப் பிடித்தாள். நாலு கிலோ தேறியது.

"ஏங்க, இது ஒங்க சரக்குதான். எரிச்சதுல்லாம் வீடு தேடி வருது."

"வந்தா நல்லதுதானட்டி. புதுசா வாங்க வேண்டாம்."

"வானமே வேண்டாம்னு திருப்பி விடுது. நம்ம சுஷ்மா நெஞ்சுல மட்டும் இருக்கட்டும்ங்கியளா?"

ஐந்து வயது மகள் அடுப்புக்கு நாலடி தள்ளித் தூங்கிக்கொண்டிருந்தாள். பரமசிவம் மறுநாளே போசரிக்குப் போய், லேத் பட்டறை வைத்திருந்த சின்னதுரையிடம் மூடி போட்ட இரும்புக் குடுவை ஒன்று செய்யச் சொன்னார். மூடியிலிருந்து ஒரு குழாய் வளைந்து தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கியது. அடுப்பும் வீட்டைவிட்டுக் கொல்லைக் கொட்டகைக்குப் போனது. புகை குளிர்ந்து, தொட்டிக்குள் மணி மணியாக மறுபடி பாதரசம் விழுவதை முதல் நாள் அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

பழைய புகை பாக்கி இருந்ததால் ஒவ்வொரு ஜூனிலும் முதல் மழை அப்படியே பெய்தது. வருடத்துக்கு வருடம் குறைந்தது. விசாரிக்க வந்த அதிகாரி 'மழை இயல்பு' என்று எழுதிப் போனார் என்பார்கள். 2003இல் ஒரு கரண்டிதான் விழுந்தது. அந்த வருடம் சுஷ்மாவின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் தைக்க, பரமசிவம் ஊசியில் ஒரே தடவையில் நூல் கோத்தார். ஜெபமணி அதைப் பார்த்தும் பார்க்காதவள்போல டம்ளர் நிறைய டீ ஊற்றினாள்.

அடுத்த ஜூனில் அந்த வீட்டிலும் தண்ணீரே பெய்தது. பத்து வருடமாக முதல் மழைக்கு அங்கே எதுவும் நனைந்ததில்லை. அதனால் கொடியில் கிடந்த துணியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.