சுருட்டாத படம்

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. மாமனார் கன்பேய் இருட்டோடு எழுந்து போனவர் இன்னும் திரும்பவில்லை. மருமகள் நுயிக்கு அது ஆச்சரியம்தான். கிண்ணத்தைக் கையில் வாங்கும்போதே, "அந்தப் படத்தைச் சுருட்டி வைன்னு எத்தனை தடவை சொல்றது? காதுல என்ன பஞ்சா?" என்று ஆரம்பிக்காமல் கிழவருக்குப் பொழுது விடிந்ததே இல்லை.

படம் மாடத்துச் சுவரில் தொங்கியது. மீன்பிடிக்கிறவர்களுக்கு அதிர்ஷ்டம் தருகிற எபிசு சாமி. கையில் தூண்டில், கக்கத்தில் பெரிய சங்கரா மீன், வாய் கொள்ளாத சிரிப்பு. கல்யாணமான வருஷம் நல்ல மீன்பாடு கிடைத்தபோது அவள் புருஷன் தமேஜி வாங்கிவந்து தன் கையால் மாட்டியது. இந்த வருஷ வசந்தத்தில் அடித்த காற்றில் அவன் படகு மட்டும் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. சாவு விழுந்த வீட்டில் அதிர்ஷ்ட சாமி தொங்கக் கூடாது, சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் சுருட்டினால் அவன் செத்தான் என்று அவளே சொன்ன மாதிரி ஆகிவிடாதா? அதனால் நுயி சுருட்டவில்லை. இலையுதிர் காலமே வந்துவிட்டது, சாமி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் படகுக்காரர் இவாகிச்சியின் பெண்சாதி வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"நுயி, எங்க படகுல நேத்து ஒரு எபிசு ஏறியிருக்காரு. நீ ஒரு தடவை வந்து பாத்துடேன், அக்கா சொல்றேன்."

அந்தக் கரையில் கடலில் மிதந்துவரும் பேர் தெரியாத பிணத்துக்கும் எபிசு என்றுதான் பேர். தூக்கி வருகிற படகுக்கு மீன் கொட்டும் என்பார்கள். தங்கள் குடும்பக் கல்லறையிலேயே புதைத்து, சாமியாகக் கும்பிடுவார்கள். ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் சாமி போய்விடும், வெறும் பிணம்தான்.

படகுக் கொட்டகையில் ஓலைப்பாய் போர்த்தி வைத்திருந்தார்கள். வெளியே கூடை கூடையாய் மீன். கோடை முழுக்க வெறும் வலை இழுத்த ஜனங்கள், சிரிக்கக் கூடாது என்று முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றார்கள். பாவம், அவர்களைச் சொல்லி என்ன?

இவாகிச்சி பாயை விலக்கினார். முகம் என்று ஒன்றுமில்லை. நுயி வயிற்றுப் பக்கம் பார்த்தாள். வயிற்றில் சுற்றியிருந்த கறுப்புப் பட்டையில் ஒரு கிழிசல், அதில் நீல நூல் தையல். அவள் தைத்த அன்றைக்குக் கறுப்பு நூல் தீர்ந்துபோயிருந்தது. பக்கத்தில் புகைபிடித்துக்கொண்டிருந்த கன்பேய், "கறுப்புல நீலமா? மருமகளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுடா தமேஜி" என்று கேலி செய்ததும், தமேஜி வயிற்றைத் தட்டிக்காட்டிச் சிரித்ததும், எல்லாம் ஒரே சமயத்தில் நெஞ்சில் வந்து அடைத்தன. ஐயோ என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள்.

"உங்க மாமனார் விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டாரும்மா," என்றார் இவாகிச்சி. "ரொம்ப நேரம் பாத்தாரு. பட்டையைக்கூடத் தடவிப் பாத்தாரு. எங்க பையன் இல்லைன்னுட்டாரு. இருந்தாலும் உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்ல?"

திறந்த வாய் அப்படியே நின்றது. இந்த மனுஷனா? தினமும் சுருட்டு, சுருட்டு என்று உயிரை எடுத்தவரா? அந்தத் தையலைத் தொட்டுப் பார்த்துவிட்டு இல்லை என்றாரா?

"மாமா சொன்னா சரிதான்," என்றாள் நுயி. "எங்க வீட்டு ஆள் இல்லை."

யாரோ பின்னால் பெருமூச்சு விட்டார்கள். இவாகிச்சி குனிந்து வணங்கி, பாயை மெல்ல மூடினார்.

"எங்க கல்லறைலயே வைக்கிறோம். கோயில் போற வழிதான். நீயும் போறப்போ ஒரு கும்பிடு போடு தாயி."

அவள் கையில் ஒரு சங்கரா மீனைக் கொடுத்தனுப்பினார்கள்.

கன்பேய் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கஞ்சியைத் தொடவே இல்லை.

"பாத்தியா?"

"பாத்தேன் மாமா. நம்ம ஆளு இல்லை."

"ம்." கிழவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நானும் அதான் சொன்னேன்." ஆறிப்போன கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "படம் கிடக்கட்டும். சுருட்ட வேணாம்."

நுயி மீனைத் தட்டில் வைத்து சாமிக்கு முன்னால் நகர்த்தினாள்.

எபிசு சாமிக்குக் காது மந்தம். சுவரைத் தட்டிவிட்டுத்தான் எதையும் கேட்க வேண்டும். கன்பேய் எழுந்துபோய், படத்துக்குப் பக்கத்தில் பலகைச் சுவரை விரல் மடக்கித் தட்டினார். வேண்டுதல் சொல்ல வாயெடுத்தார். மறுபடி தட்டினார். பிறகு முஷ்டியால் தட்டினார். படம் சுவரில் மோதி மோதி ஆடியது.

"மெதுவா மாமா," என்றாள் நுயி. "அவருக்குக் கேட்டிருக்கும்."

அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.