டீச்சர் சொன்னதாக யாதவி சொன்னது

1

ஒரு சஞ்சிகைக்காரர் போன் எடுத்து, புலம்பெயர்ந்தோர் சிறப்பிதழுக்குக் கதை வேண்டும் என்றார். "கொஞ்சம் பனி, கொஞ்சம் கண்ணீர். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை அக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கொழும்பிலேயே கொட்டாஞ்சேனையில் பிறந்து வெள்ளவத்தைக்குக் குடிவந்தவள். என்னுடைய மொத்தப் புலம்பெயர்வும் அவ்வளவுதான். பனியை நான் கண்டது பிரிட்ஜின் மேல்தட்டில். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த நேரம் என் குசினியில், சுவிஸிலிருந்து வந்திருந்த என் தம்பியின் மகள் யாதவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "ஓம், தாறன்" என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே முதலே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் வீட்டுக்குள் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. இன்னும் முடியவில்லை. பேர்களை மாற்றிப் பார்த்தேன், ஆட்கள் பிடிபடாமல் போனார்கள். விட்டுவிட்டேன்.

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

'வெள்ளவத்தைக் கடல் அன்று யாரோ ஒருவரின் துயரத்தைப் போல—'

சீ. எங்கள் ஃப்ளாட்டிலிருந்து தெரிவது, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கதவு அகலக் கடல். அதிலும் பாதியை மேல்வீட்டு அலவி காயப்போட்ட சாரங்கள் மறைத்துவிடும்.

'கிருபாகரன் ஒரு கொடுமைக்காரத் தகப்பன்.'

சஞ்சிகைக்காரருக்குப் பிடிக்கும். ஆனால் கிருபாகரன் என் தம்பி. வந்திறங்கிய அன்றே பாத்ரூமில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைக் கண்டு, உடுப்புக்கூட மாற்றாமல் கடைக்குப் போய் வாஷர் வாங்கிவந்து போட்டவன். கொடுமைக்காரர்கள் வாஷர் மாற்றமாட்டார்கள் என்று சட்டமில்லைதான். எனக்குத்தான் அந்த வசனத்துக்குமேல் எழுத வரவில்லை.

'யாதவி பொய் சொன்னாள்.'

இது உண்மை. இதிலிருந்தே போவோம்.

3

கிருபாகரனுக்கு பேர்ண் நகரத்தில் ஒரு ரெஸ்ரோரண்டில் சமையல் வேலை. பின்னேரம் போனால், மகள் படுத்த பிறகுதான் வருவான். அவன் மனைவி ரதிக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. யாதவிக்குப் பதினாலு வயது. அந்த வீட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி கழுவிக் கவிழ்த்த சாப்பாட்டுக் கோப்பைகள்தான்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு வந்தது. தம்பியுடைய ஜெர்மன் குசினி ஜெர்மன். உப்பு, வெங்காயம், கெதியா, முடிஞ்சுது. அதைத் தாண்டாது. மொழிபெயர்க்கப் பள்ளிக்கூடமே ஆள் தரும். ஆனால் வரப்போகிறவர் வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் காணும் ஒரு தமிழ் அக்கா. "அவ வந்தா என்ர பிள்ளையின்ர மார்க்ஸ் அடுத்த வெள்ளி சுண்டலோட சேர்ந்து எல்லாற்ற கையிலயும் போயிடும்" என்று வேண்டாம் என்றுவிட்டான். யாதவியையே கூட்டிப்போனான். தன்னைப் பற்றி டீச்சர் சொல்வதைத் தகப்பனுக்குத் தானே சொல்லவேண்டிய வேலை அவளுக்கு.*

(* சிரிக்காதீர்கள். வங்கியிலிருந்து வரும் மெசேஜை உங்கள் அப்பாவுக்கு யார் வாசித்துச் சொல்வது?)

டீச்சர் நிறையச் சொன்னார். யாதவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தமிழில் சொன்னாள்: "பின்னேரத்தில அப்பா வீட்டில நிக்க வேணுமாம். பிள்ளையோட இருந்து சாப்பிட வேணுமாம். இல்லாட்டிப் படிப்பு விழுந்திடுமாம்."

எங்கள் ஆட்களுக்கு டீச்சர் சொன்னால் மறுபேச்சில்லை. தம்பி முதலாளியிடம் மன்றாடிப் பகல் வேலைக்கு மாறினான். மூன்று மாதம் தகப்பனும் மகளும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டார்கள். புட்டுக்கு மா குழைக்கக்கூடப் பழக்கினானாம்.

பிறகு பள்ளிக்கூட விழா. ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனான். பாடமாக்கி வைத்திருந்த ஜெர்மனில் டீச்சருக்குச் சொன்னான்: நீங்கள் சொன்னபடி நாங்கள் தினமும் ஒன்றாகச் சாப்பிடுகிறோம், மிக்க நன்றி.

டீச்சர் முழித்தார். "நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே" என்றார். நல்ல மனுசி, சிரித்துக்கொண்டுதான் சொன்னாராம். பக்கத்தில், கையில் ரோல்ஸோடு நின்ற கோயில் அக்காதான் அதைத் தம்பிக்குத் தமிழில் சொன்னார்.

தம்பி மகளிடம் ஒரு சொல் கேட்கவில்லை. விடுமுறைக்குக் கொழும்பு என்று டிக்கெட் போட்டான். ரதிக்கு லீவு கிடைக்கவில்லை. வாஷர் போட்டு, தேத்தண்ணி குடித்த பிறகு மெதுவாகச் சொன்னான்: "அக்கா, இவளை உங்களோட விட்டிட்டுப் போகப்போறன். இங்கயே படிக்கட்டும்."

யாதவிக்கு இது தெரியாது. அவளுடைய பாஸ்போர்ட் அவன் பெட்டிக்குள் இருக்கிறது.

4

இந்த இடத்தில் எனக்குத் தகப்பன் பாத்திரத்தில் சந்தேகம் வந்தது. ஒரு பிள்ளை தன்னோடு இருந்து சாப்பிடச் சொல்லித்தானே பொய் சொன்னது? அதற்கு இவ்வளவா? வாசகர் நம்பமாட்டார். ஆகவே தண்டவாளப் பக்கம் நடக்கப் போனபோது அவனையே கேட்டேன்.

"நீ பெரிய மானஸ்தன். கோயில் மனுசி கண்டிட்டாளெண்டுதானே இந்தக் கூத்து?"

"அவ கிடக்கிறா. அக்கா, எனக்கு அங்க வாய் எண்டா என்ர பிள்ளைதான். டொக்டரிட்டப் போனாலும், அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் அவள் சொல்றதுதான் எனக்குத் தெரியும். நாளைக்கு எனக்கு ஒரு வருத்தமெண்டு டொக்டர் சொன்னா, அதை அவள் என்னெண்டு சொல்லுவாள்? நான் எதை நம்பிறது?"

மருதானைப் பக்கம் போகும் ரயில் ஒன்று கத்திக்கொண்டு கடந்தது. அது போனபிறகு கேட்டேன்.

"அந்த மூண்டு மாசமும் எப்பிடி இருந்தது?"

"நல்லா இருந்ததக்கா. என்ர கலியாணத்துக்குப் பிறகு அப்பிடி நான் சந்தோசமா இருக்கேல்லை. அதுதான் எனக்குக் கோவம். அதுவும் பொய்யாப் போச்சு."

பார்த்தீர்களா, இப்போது அவனைக் கொடுமைக்காரன் என்று எழுத முடியாது. சஞ்சிகைக்காரர் மன்னிக்க வேண்டும்.

5

யாதவியின் பக்கம்.

அவளைக் காலி வீதி என்ற எங்கள் பெருந்தெருவுக்குக் கூட்டிப்போனேன். செவ்விளநீர்க்காரர் வெட்டிக்கொண்டே சிங்களத்தில் என்னிடம் புலம்பினார். மழையில்லை, காயெல்லாம் சிறுத்துப் போச்சு, பிறகு தண்ணி காணாதென்று சொல்லவேண்டாம்.

"என்ன சொல்றார் மாமி?"

"நீ நல்ல வடிவாம்."

யாதவி இளநீரை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள். "இல்லை, அப்பிடிச் சொல்லேல்லை. நீங்க சொல்லேக்க நான் அவற்ற முகத்தைப் பாத்தனான். நான் எவ்வளவு தரம் இந்த வேலை செய்திருக்கிறன், எனக்குத் தெரியாதா?"

பிடிபட்டுவிட்டேன். நாற்பது வருடமாகக் கதை எழுதுகிறவளை ஒரு பதினாலு வயதுப் பிள்ளை ஒரு இளநீருக்குள் பிடித்துவிட்டது. அந்தச் சிரிப்பு ஓயும் முன்னரே கேட்டேன்.

"டீச்சர் உண்மையில என்னதான் சொன்னவ?"

அவள் குழாயால் இளநீரைக் கிளறிக்கொண்டிருந்தாள். தகப்பனுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரியும். அவன் கதைக்காமல் இருப்பதிலேயே தெரிந்திருக்கும்.

"நல்லதுதான் மாமி. எல்லாம் நல்லது. கணக்கில கெட்டிக்காரி, ஒரு பிரச்சினையும் இல்லையெண்டு சொன்னவ."

"அப்ப அதைச் சொல்லியிருக்கலாமே பிள்ளை?"

"சொன்னா அப்பா 'வெரி குட்' எண்டு சொல்லிட்டு வேலைக்குப் போயிடுவார்."

அன்று பின்னேரம் முழுக்க இந்த வசனத்தை மெருகேற்றப் பார்த்தேன். ஒரு சொல்லைத் தொட முடியவில்லை. கூசாமல் அப்படியே எழுதிவிட்டேன்.

6

முடிவுகள். விருப்பமானதை எடுக்கலாம் என்று நினைக்கவேண்டாம், எல்லாவற்றையும் நானே கெடுத்துவிடுகிறேன்.

அ) யாதவி இங்கே தங்குகிறாள். ட்யூஷன் வகுப்பு, கடற்கரை, என்னோடு கதைக்க ஒரு ஆள். ('மாமியின் வீட்டில் அவள் மெல்ல மெல்லத் தன் வேர்களை—' நிறுத்து.) இந்த முடிவை எழுதும்போது பேனா தானாக ஓடியது. ஏன் ஓடியது என்று எனக்குத் தெரியும். பின்னறை காலியாக இருக்கிறது. காலையில் அவள் பல்லுத் தீட்டிக்கொண்டே கதைக்கும் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. எனக்கு இந்தப் பிள்ளை வேண்டும். ஆசைப்படுகிறவளை முடிவு எழுத விடக்கூடாது.

ஆ) தம்பி அழுகிறான், மகளைக் கட்டிப்பிடிக்கிறான். அவன் அழுததை நான் கண்டதில்லை. பார்த்தறியாததை எழுதி மாட்டுப்படப் பயமாக இருக்கிறது.

இ) ரதி போனில் கத்தி எல்லாவற்றையும் சரிசெய்கிறாள். உண்மையான ரதி போனில் சொன்னது: "மச்சாள், அவர் என்னட்டயும் கதைக்கிறாரில்லை. நீங்கள் என்ன செய்தாலும் சரி. என்ர பிள்ளையை மட்டும் அழவிடாதேங்கோ."

7

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சோறு, மீன்குழம்பு, வல்லாரைச் சம்பல்.

சோற்றுக் கோப்பை எடுக்கக் குசினிக்கு வந்த தம்பி குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அக்கா, நாளைக்கு நான் வெளிக்கிட வேணும். இண்டைக்கு அவளுக்குச் சொல்லிப்போடுங்கோ. என்னால ஏலாது. நீங்கள் எழுதிறனீங்கள், உங்களுக்கு வசனம் வரும்."

"நான் ஏன் சொல்லவேணும்? உன்ர பிள்ளை, உன்ர வாய்."

"நான் பக்கத்தில இருப்பன். நீங்கள் சொல்லுங்கோ."

பாருங்கள் நியாயத்தை. ஜெர்மனுக்கு ஒருத்தி தேவைப்பட்டாள், சரி. தகப்பனும் மகளும் வீட்டில் கதைப்பது தமிழ். அதற்கும் நடுவில் ஒருத்தி வேண்டுமாம்.

மூன்று பேரும் மேசையில் இருந்தோம். யாதவி சோற்றைக் குழைத்தபடி தகப்பனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் குசினிக்குள்ள என்ன கதைச்சனீங்கள்? அப்பா என்ன சொன்னவர்?"

தம்பி கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். நான் சொல்லவேண்டியது ஒரேயொரு வசனம்தான். மனதில் திருத்தி, பிழைபார்த்து வைத்த வசனம். வாயைத் திறந்தேன்.

"அப்பா சொல்றார், அந்த மூண்டு மாசமும் போலத் தான் ஒருநாளும் சந்தோசமா இருக்கேல்லையாம். திரும்பிப் போய் அப்பிடியே ஒண்டா இருந்து சாப்பிடுவமாம். நாளைக்கு ரெண்டு பேரும் வெளிக்கிடுறீங்களாம்."

முதல் வசனம் அவனுடையது. மிச்சம் என்னுடையது. பின்னறை இனிக் காலியாகவே கிடக்கும் என்பதையும் யோசித்துக்கொண்டுதான் சொன்னேன்.

தம்பியின் கை கோப்பையில் நின்றுவிட்டது. தலையை நிமிர்த்தினான்.

யாதவி என் பக்கம் திரும்பவே இல்லை. தகப்பனுடைய முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னது உண்மையா என்று அவள் அங்கேதான் தேடுவாள்.

அந்த முகத்தை நான் எழுதமாட்டேன். எனக்கு வேண்டிய முகத்தை எழுதிவிடுவேன் என்று பயம். நீங்கள் எழுதுங்கள். கவனமாக எழுதுங்கள், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.