ஐந்தாவது பலகை

லுவானுக்கு ஒரு பழக்கம். கண்ணில் பட்டதை எல்லாம் வாய்விட்டு வாசித்துவிடுவாள். சோளப்பொரி டப்பாவின் முதுகில் இருப்பது, சாலையோரப் பலகை, கழிப்பறைக் கதவில் ஒட்டிய எச்சரிக்கை, எதுவும் அவளிடமிருந்து தப்பாது. ஏசி பழுது பார்க்கப் போகும்போது அவள் கணவன் வெர்னனுக்குப் போன் வழி சொல்லும். வீட்டு வேனில் லுவான் சொல்லுவாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவள் பக்கத்தில் இருக்க அவன் ஒரு பலகையைக்கூடத் தானாகப் பார்த்ததில்லை.

பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வீட்டில்தான் பள்ளிக்கூடம். சாப்பாட்டு மேசைதான் வகுப்பு, லுவான்தான் டீச்சர். பெரியவன் எஸ்றாவுக்குப் பன்னிரண்டு வயது. நாலு வயதிலேயே வாசிக்கத் தொடங்கி இன்னும் நிறுத்தாதவன். சின்னவள் திர்சாவுக்கு ஒன்பது முடியப்போகிறது. சிக்கல் அவளிடம்தான்.

கிறிஸ்துமஸ் அன்று வெர்னனின் அக்கா ஒரு வாழ்த்து அட்டையை நீட்டி, "வாசிடி பார்ப்போம்" என்றாள். திர்சா வயிறு வலிக்கிறது என்று ஓடிப்போய் அரைமணி நேரம் குளியலறையில் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு ராத்திரி வெர்னன் ஒரு கெடு வைத்தான். ஏப்ரல் முடிவதற்குள் வாசித்தால் சரி. இல்லையென்றால் ஆகஸ்டில் மஞ்சள் பஸ், மற்ற பிள்ளைகளைப் போலப் பள்ளிக்கூடம். லுவான் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தவள் நாலு மாசம் எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம்.

போன வாரம் வெற்றியை அறிவித்தாள். இப்போது பூங்காவாக இருக்கும் டன்லப் மேட்டுப் பழைய போர்க்களத்திலிருந்து முன்பு வாங்கிவந்த, அங்கே பலகைகளில் இருப்பதையே அச்சடித்த கையேட்டைத் திர்சா தடங்கலில்லாமல் வாசித்துவிட்டாளாம். "நீ லீவு போட்டுட்டு அங்க வா வெர்னன். பலகைக்குப் பலகை வாசிப்பா. உன் காதால கேளு" என்றாள். வெர்னன் வந்தான். ஆனாலும் பூர்த்தி செய்த பள்ளிக்கூட விண்ணப்பத்தை வேனின் முன்பெட்டியில் போட்டுக்கொண்டுதான் வந்தான். நம்பிக்கை இருந்தது, முழுசாக இல்லை.

செவ்வாய்க்கிழமை. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் வகுப்பில் இருக்கும்போது ஊர் சுற்றுவதுதான் வீட்டுப்பள்ளிக்காரர்களின் சௌகரியம். அதற்கு ஒரு வரியும் கட்டியாக வேண்டும். பூங்கா வாசலில் இருந்த அம்மாள் வழக்கம்போல, "இன்னிக்கு ஸ்கூல் இல்லையா பசங்களா?" என்று கேட்டாள். "நாங்க இப்ப ஸ்கூல்லதான் இருக்கோம்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் ஒப்பித்தார்கள். அது ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லும் பதில்.

எஸ்றா பீரங்கிகளை எண்ண ஓடினான். லுவான் அவன் பின்னால் ஓடினாள். திர்சா அப்பாவின் கையைப் பிடித்து நேராகக் கற்சுவரோரம் இருந்த ஐந்தாவது பலகைக்கு இழுத்துப் போனாள். அது அவளுக்குப் பிடித்த பலகை. ஒவ்வொரு வசந்தத்திலும் அம்மா இரண்டு தடவை வாசிக்கும் பலகை.

விரலை வைத்துத் தொடங்கினாள். "இந்தச் சுவருக்குப் பின்னால் கர்னல் ஹாஸ்கெல் தன் நூற்றுப் பன்னிரண்டு வீரர்களோடு விடியும்வரை காத்திருந்தார். குடிக்கத் தண்ணீர் இல்லை. பின்வாங்கும் உத்தரவும் வரவில்லை." நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, குரலை ஏற்றி இறக்கி, அப்படி ஒரு வாசிப்பு. வெர்னனுக்குக் கண் கலங்கிவிட்டது. தாங்க முடியாத பெருமை. தன் மனைவியை நாலு மாசம் சந்தேகப்பட்ட தன்னையே மனசுக்குள் நாலு வார்த்தை திட்டிக்கொண்டான்.

அப்புறம்தான் பலகையைப் பார்த்தான். புதுப் பெயிண்ட் இன்னும் மினுங்கியது. குளிர்காலத்தில் மாற்றியிருக்கிறார்கள் போல. அதில் கர்னல் இல்லை. ஒரு கிணறு, பக்கத்தில் ஏப்ரன் கட்டிய ஒரு பெண். வெர்னன் வேகமாக வாசிக்கிறவன் அல்ல. இரண்டு தடவை வாசித்தான். இரண்டு பக்கப் படைக்கும் தண்ணீர் இறைத்துக் கொடுத்த ஒரு விதவையைப் பற்றி எழுதியிருந்தது. நூற்றுப் பன்னிரண்டு எங்கேயும் இல்லை.

அவனுக்குக் கோபம் வரவில்லை. ஏதோ பழசு ஒன்று ஞாபகம் வந்தது.

"செல்லம், இந்தப் படத்துல யாரு?" என்று மெதுவாகக் கேட்டான்.

திர்சா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "படத்த மாத்திட்டாங்க."

"எழுத்தையும் மாத்திட்டாங்கம்மா."

விரல் பலகையிலேயே இருந்தது. முகம் மட்டும் சிவந்துகொண்டே போனது. "அம்மாகிட்ட சொல்லாதப்பா," என்றாள். "நான் வாசிக்கறேன்னு அம்மா அழுதாங்க. சந்தோஷமா அழுதாங்க."

வெர்னன் அவளைத் தூக்கிக்கொண்டான். ஒன்பது வயதுப் பெண்ணைத் தூக்கினால் முதுகு என்ன பாடுபடும் என்பது அவனுக்குத் தெரியும். பரவாயில்லை. அம்மாவிடம் சொல்லித்தான் ஆகவேண்டும், ஆனால் நான் சொல்கிறேன், நீ வேனில் ரொட்டி தின்னு என்றான்.

வேனின் பின்கதவுக்கு அருகில், வேர்க்கடலை வெண்ணெய் தடவிய கத்தி கையில் இருக்க, லுவான் கேட்டுக்கொண்டாள். முதலில் நம்பவில்லை. பிறகு அவனே ஏதோ குழப்பிவிட்டான் என்று சீறினாள். பிறகு ஐந்தாவது பலகைவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது ஆளே சுருங்கியிருந்தாள்.

"அவ பொய் சொல்லல வெர்னன்," என்றாள். "நான்தான் எதையும் அவளுக்கு மிச்சம் வைக்கல. எல்லாத்தையும் நானே வாசிச்சுக் கொட்டிட்டேன். அவ காதாலயே வளர்ந்துட்டா." அப்புறம் கத்தியைக் கீழே வைத்தாள். "அந்த ஸ்கூல் ஃபாரத்த எடு. நான் கையெழுத்துப் போடறேன்."

இந்தக் காட்சியைத்தான் கிறிஸ்துமஸிலிருந்து எதிர்பார்த்திருந்தான். வந்ததும் வேண்டாமென்று இருந்தது.

"நானும் அப்படித்தான் இருந்தேன்," என்றான். "பக்கத்துப் பையன் வாசிக்கறத மனப்பாடம் பண்ணிட்டு அப்படியே ஒப்பிப்பேன். முப்பது பேர் இருந்த கிளாஸ். ஆறாம் வகுப்பு வரைக்கும் யாருக்கும் தெரியல. இவள நான் ஒரு நிமிஷத்துல பிடிச்சுட்டேன். ஏன்னா பக்கத்துல நின்னேன்."

பதினாலு வருஷத்தில் அவன் இதைச் சொன்னதே இல்லை. லுவான் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சட்டையில் வேர்க்கடலை வெண்ணெய் அப்பியது.

"கையெழுத்தெல்லாம் அப்புறம்," என்றான். "இப்ப நீ ஒண்ணே ஒண்ணு செய். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் எதையும் வாசிக்காத."

அவளுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று வெர்னனுக்குப் புரிய இருபது மைல் ஆனது. பலகைகள் வந்தன, போயின. லுவான் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். எஸ்றாவுக்கும் வாய்ப்பூட்டுதான். பின் சீட்டில் திர்சா கண்ணாடியில் மூக்கை அழுத்தி, "மொத எழுத்து 'ஸ'... அய்யோ, போயிடுச்சு" என்று முனகிக்கொண்டே வந்தாள்.

வேனுக்குள் அத்தனை அமைதி. அந்த அமைதியில் வீட்டுக்குப் பிரியும் வழியும் சத்தமில்லாமல் கடந்துபோனது. யாரும் 'வலது பக்கம்' என்று சொல்லவில்லை, வெர்னன் திருப்பவில்லை. லுவான் பார்த்துவிட்டுத்தான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நம்ம ரோடு போயிடுச்சு," என்றான் எஸ்றா.

"தெரியும்," என்றாள் லுவான் கைக்குள்ளிருந்து. "வாசிக்கக் கூடாதுன்னு உங்க அப்பா சொல்லியிருக்காரு."

வெர்னன் சிரித்த சிரிப்பில் வேனே ஆடியது. அடுத்த பிரிவுக்குப் பதினோரு மைல். இந்தப் பக்கம் அவர்களில் யாரும் வந்ததில்லை. அங்கே என்ன ஊர் என்று யாரும் திர்சாவுக்கு வாசித்துக் காட்டியதில்லை. "திர்சா, அடுத்த பலகை உன்னோடது. நீ சொன்னாத்தான் திருப்புவேன்," என்றான்.

பச்சைப் பலகை தூரத்தில் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தான். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அடிக்கட்டும்.

"டெ..." என்றாள் திர்சா. "டென். டென்ட்..." லாரி மறுபடி அலறியது. "டென்ட்டன்." மூச்சு வாங்கினாள். "ஃபெ... ஃபெரி. டென்ட்டன் ஃபெரி. அப்பா, டென்ட்டன் ஃபெரி, திருப்பு!"

திருப்பினான். கிட்டத்தட்டப் புல்லில் ஏறி.

லுவான் முன்பெட்டியைத் திறந்து அந்த விண்ணப்பத்தை எடுத்தாள். வெர்னனின் கோணல் கையெழுத்தில் மகளின் பெயர் இருந்த பக்கத்தைக் கவிழ்த்து, பின்பக்கத்தில் ஒரு வரி எழுதினாள். தினமும் பாடக்குறிப்பு எழுதுகிறவள். இன்றைய குறிப்புக்கு வேறு காகிதம் அவள் தேடவில்லை.

"என்னம்மா எழுதியிருக்க?" என்றாள் திர்சா.

லுவான் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். காகிதத்தைப் பின்னால் நீட்டினாள்.

திர்சா விரலை வைத்தாள். "செ... செவ்வாய்க்கிழமை. திர்சா தா... தானே வா..." என்று தொடங்கினாள். வேனில் மூன்று பேரும் காத்திருந்தார்கள்.