சாலா எழுதிய நன்றிக் கடிதம்

இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை என்று நாட்டரசன்கோட்டை அம்மன்மேல் ஆணையாகச் சொல்கிறேன். பொய்யானால் அவள் என் கண்ணைப் பறித்துக்கொள்ளட்டும். இருப்பதே ஒன்றுதான்.

வலையபட்டி வீட்டு வளவு முற்றத்தில் கிடத்தியிருந்த மாமாவின் உடல்மேல் மாலையைச் சாத்தக் குனிந்த சாலா, அவர் சட்டைப் பையில் தன் கையெழுத்தைப் பார்த்தாள். எட்டு மாதத்துக்கு முன் அவள் எழுதிய நன்றிக் கடிதம். மடிப்பு கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியிருந்தது.

கல்யாணப் பரிசைக் கூரியரில் போடச் சொல்லித் தன் மனைவி நாகவல்லி அயித்தையிடம் கொடுத்துவிட்டதாக மாமா போனில் சொல்லியிருந்தார். மறதிக்காரர், வாராவாரம் வந்ததா என்று கேட்டார். எதுவும் வந்து சேரவில்லை. வரவில்லை என்று சொன்னால் அயித்தைமேல் பழி விழும். வந்தது என்றால், என்ன வந்தது என்று தெரிய வேண்டும். சாலாவின் கணவன் ஆதித்தன்தான் பொருளின் பெயரைச் சொல்லாமல் எழுதிவிடச் சொன்னான். 'நீங்கள் அனுப்பியதைத் தினமும் உபயோகிக்கிறோம்' என்று எழுதினாள். குக்கரானாலும் கட்டிலானாலும் பொருந்தும். அதோடு மாமா கேட்பதை நிறுத்தினார்.

இப்போது யாராவது அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்து, பரிசு என்னவென்று கேட்டால்? மாலையை இழுத்துச் சட்டைப் பையை மூடினாள்.

ஆண்கள் சடங்குத் தண்ணீரான நீர்மாலை எடுக்க ஊருணிக்குப் போயிருந்தார்கள். நாகவல்லி அயித்தை சாலாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"ஒரு வாரமா உங்க மாமா, சாலா வீட்டுல மணி அடிக்குதுன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாக. எத்தனை மணின்னும் சரியாச் சொன்னாக."

கடிகாரம். சாலாவுக்கு எட்டு மாதப் பாரம் இறங்கியது.

"ஆமா அயித்தை. கணீர்னு அடிக்கும். ஹால்லதான் மாட்டியிருக்கோம்."

அயித்தை அவளையே பார்த்தாள். "அப்படியா," என்றாள்.

அப்போது பூட்டிய உள்வீட்டு அறைக்குள்ளிருந்து மணி அடித்தது. சாலா எண்ணினாள். பதினொன்று. எதிரே வெற்றிலை கிழித்துக்கொண்டிருந்த பெண்கள் யாரும் நிமிரவில்லை.

"ஒனக்குக் கேட்டுச்சா?" அயித்தையின் விரல்கள் சாலாவின் மணிக்கட்டை இறுக்கின.

"பதினொண்ணு."

அயித்தை மூச்சு விட்டாள். பிறகு தலையைக் குனிந்தபடியே சொன்னாள். அந்தக் கடிகாரம் அவளுடைய பிறந்த வீட்டுச் சீர். மாமா அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அதைப் பொட்டலமாகக் கட்டி, கூரியரில் போடச் சொல்லிவிட்டார். அவளுக்கு மனசு வரவில்லை. கட்டை அவிழ்க்காமலே உள்வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டாள். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்ததே இல்லை. மணிச்சத்தம் கேட்கத் தொடங்கியதும் மேலே இரண்டு ஜமுக்காளம் போட்டு மூடினாள்.

"ஒன் கடிதாசி வந்த அன்னைக்கே எனக்குப் பயம் புடிச்சிருச்சு. பூட்டு போட்டது போட்டபடி இருக்கு. இந்தப் புள்ள தினமும் உபயோகிக்கிறேங்குதேன்னு."

வாசலில் சங்குச் சத்தம் நெருங்கியது. அயித்தை எழுந்து, மாமாவின் பையிலிருந்த கடிதத்தை எடுத்துப் பிரிக்காமல் அவர் கைக்குள் வைத்தாள். சாலா அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

மூன்றாம் நாள் இருவருமாக உள்வீட்டைத் திறந்து கட்டை அவிழ்த்தார்கள். கடிகாரப் பெட்டிக்குள் ஒரு ரசீது மட்டும் இருந்தது. ரசீதின்படி, கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு மாமா பழுதுபார்க்கக் கொடுத்த இயந்திரமும் மணியும் காரைக்குடிக் கடையிலேயே இருக்கின்றன.