பன்னிரண்டாவது கரண்டி

அய்யூப் வீட்டில் வெள்ளிக் கரண்டிகள் நாற்பதுக்கு மேல் இருந்தன. ஒன்றில்கூட யாரும் சாப்பிட்டதில்லை. வெள்ளிப் பாத்திரத்தில் உண்பது இஸ்லாம் மார்க்கத்தில் கூடாது. வாயில் வைக்க முடியாத சாமானுக்கு எம்புட்டு சீராட்டு என்று மனைவி நூர்பானு கேலி செய்வாள். அவர் காதில் வாங்கமாட்டார். ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரத்தை முடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குத் திரும்பியதும், கரண்டிகளைத் துலக்கப் பல்பொடியும் பழந்துணியுமாக உட்கார்ந்துவிடுவார்.

1991-இல் மலைமேல் ஒரு காப்பித் தோட்ட பங்களாவை ஏலம் விட்டார்கள். அய்யூப்புக்கு ஒரு மரப்பெட்டி கிடைத்தது. உள்ளே நீல வெல்வெட்டில் பள்ளம் பள்ளமாக அமைத்து, அசல் ஸ்டெர்லிங் வெள்ளி. ஒவ்வொன்றின் முதுகிலும் சுத்த வெள்ளி என்பதற்கான சீமை முத்திரையாக, கடுகளவு சிங்கம் ஒரு காலைத் தூக்கி நடந்துகொண்டிருந்தது. அவர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். கத்தி பன்னிரண்டு. முள்கரண்டி பன்னிரண்டு. கரண்டி மட்டும் பதினொன்று.

மறுவாரம், ஏலச் செய்தி கேட்டு, மகாராஜபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஏட்டு சிவனாண்டி தேடி வந்தார். அவருடைய தந்தை கருத்தையா அந்தப் பங்களாவில் பட்லராக இருந்தவர். 1946-இல் ஒரு கரண்டி காணாமல் போக, துரை அவரைத் திருடன் என்று விரட்டிவிட்டான். கரண்டி பெட்டிக்குள் துணிக்கு அடியில்தான் விழுந்திருக்கும், பிரித்துப் பாருங்கள் என்று கருத்தையா கெஞ்சியிருக்கிறார். சீமைப் பெட்டியைப் பிரிக்கத் துரை சம்மதிக்கவில்லை.

"இருபத்தெட்டு வருசம் காக்கி போட்டேன் பாய். இன்னும் கரண்டித் திருடன் வீடுன்னுதான் எங்களுக்கு அடையாளம் சொல்லுதாக. அந்தப் பெட்டியப் பிரிச்சுப் பாக்கணும்."

அய்யூப் வெல்வெட்டைத் தடவினார். நூறு வருடத்துத் துணி; கிழித்தால் கிழித்ததுதான்.

"உள்ள இல்லேன்னா, ஏட்டையா?"

"எங்கய்யா பொய் சொன்னாருன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

நூர்பானு உள்ளேயிருந்து வந்து, தையல் கத்தரிக்கோலைப் பெட்டியருகே வைத்துவிட்டுப் போனாள்.

அய்யூப் விளிம்போரம் வெட்டினார். மூலையில் எப்போதோ பசை விட்டுப்போய், பலகைக்கும் துணிக்கும் நடுவே ஒரு கரண்டி நழுவும் அளவு இடைவெளி இருந்தது. கையை நுழைத்தார். விரலில் குளிர்ச்சியாக ஏதோ தட்டியது.

கரிக்கட்டை போலக் கறுத்த கரண்டி. திருப்பினார். அதே சிங்கம். காம்பில் செதுக்கிய பூவின் இடுக்குகளில் மட்டும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பூசணம் என்று நினைத்துத் துணியை எடுத்தார். சிவனாண்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொடைக்காதீக. துன்னூறு அது. துரைசானி பவுடர் குடுத்தாலும் எங்கய்யா துன்னூறு போட்டுத்தான் வெள்ளி வெளக்குவாரு."

நாற்பத்தைந்து வருடமாக யார் கையும் படாத திருநீறு. சிவனாண்டி நகத்தால் துளி சுரண்டி நெற்றியில் இட்டுக்கொண்டார். அய்யூப் தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

கரண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார் அய்யூப். சிவனாண்டி தலையாட்டி மறுத்தார்.

"பெட்டியிலயே இருக்கட்டும் பாய். அங்கதான இருக்குன்னு சொன்னாரு."

பளபளக்கும் பதினொன்றின் பக்கத்தில், கறுப்பு மாறாமல், பன்னிரண்டாவதை வைத்தார் அய்யூப். பல்பொடி டப்பாவை மூடினார்.