அக்கா லாக் அவுட் செய்த நாள்

மணி பதினொன்றரை. ஒரு மணி ரயிலில் எங்கள் ஆபீஸ் அக்கா ஏறியாக வேண்டும். அவளுடைய தங்கைக்கு நாற்பத்திரண்டு வயதில் ஒருவழியாகக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது. நாளைக் காலை பதிவுத் திருமணம். ஆனால் எங்கள் ரத்த வங்கியின் பழைய டேட்டாபேஸில் தேடத் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். மருத்துவமனைகள் போனில் கேட்கும். அவள் தட்டிப் பார்த்து, ரத்தம் கொடுப்பவர்களின் பெயரைச் சொல்வாள். பதினோரு வருடமாக இதே கதை. லீவு என்றாலே மேனேஜருக்கு முகம் சுருங்கிவிடும்.

என் சிஜிஐ புரோகிராம் ஓடினால் அக்காவின் லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். பிரவுசரில் ஒருவர் ரத்த வகையைக் கேட்டால் வெப் சர்வர் என் புரோகிராமை எழுப்பும். அது பழைய மெஷினுக்குள் போய்ப் பதிலோடு வரும். காலையில் அக்கா வருவதற்கு முன் ஜம்மென்று ஓடியது. மேனேஜர் வந்து நின்றதும் என் மானத்தை வாங்கியது. ஐந்து முறை அழுத்தினேன், ஐந்து முறையும் சர்வர் பிழை. எனக்கு அந்த மெஷினை உதைக்கலாம் போல இருந்தது.

பிறகுதான் உறைத்தது. அந்த டேட்டாபேஸ் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் உள்ளே விடும். அக்காவோ காலையில் லாக் இன் செய்தால் வீட்டுக்குக் கிளம்பும்வரை வெளியே வரமாட்டாள், சாப்பிடப் போனாலும்கூட. என் புரோகிராம் வாசலிலேயே நின்று திரும்பிக்கொண்டிருந்தது.

லாக் அவுட் செய்யச் சொன்னேன். அக்கா கையை எடுத்துக்கொண்டாள். என் புரோகிராம் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டால் மெஷினை அணைத்துப் போட அரை மணி நேரம் ஆகும்.

"அந்த அரை மணியில ஒரு போன் வந்தா நான் என்ன சொல்றது?" என்றாள். "கல்யாணம் நான் இல்லாமயும் நடக்கும்."

"சிக்காதுக்கா. என்னை நம்பு."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு தட்டினாள். திரை காலியானது.

அதே நேரம் பார்த்துப் போன் அடித்தது. விபத்து கேஸ், பி நெகட்டிவ். பிரவுசரில் அடித்து அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று வினாடி. ஏழு பெயர்கள், போன் எண்களோடு வந்து விழுந்தன! அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏழையும் வாசித்தாள். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மேனேஜர் விண்ணப்பத்தை எடுத்தார். இரண்டு நாள் என்றிருந்தது. கையெழுத்துப் போடப் போனவரிடமிருந்து அக்கா பேனாவை வாங்கி, இரண்டை அடித்துவிட்டு இருபது என்று எழுதினாள்.

"இப்போ போடுங்க சார்."