ஏழுமேட்டு வாரிசு

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நல்லமுத்துவின் படைக்குச் சோறில்லாமல் போனதுதான் பெரிய பிரச்சினையாக இருந்தது.

"மூவாயிரம் பேரை ஆத்தங்கரையில நிறுத்தி வச்சிருக்கேன். மூணு நாளாப் பட்டினி. ராஜா சாகுறதுக்குள்ள என் ஆளுக செத்துருவாங்க போலிருக்கே" என்றான் அவன்.

"சேனாதிபதி வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கபிரியேல் கேட்டான்.

"நெத்திலிக் கருவாடு."

"அப்பக் கலகம் இந்த வாரம் கெடையாது. மிக்கேலு, நீ சொல்லு."

பிலோமி நாலு கிளாஸில் கட்டஞ்சாயா ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தகரக்கூரையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. மாமனார் சூசையப்பன் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு இழுப்போடு மூச்சு விட்டபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தேவிகுளத்துக்கு மேலே அந்தத் தேயிலை எஸ்டேட்டில், ஆறாவது லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், அவர்கள் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்த கடைசி சனிக்கிழமை அது. எழுபத்தைந்தாம் வருஷம், நவம்பர் மாதம்.

ஏழுமேடு எந்தத் தேசப்படத்திலும் இல்லாத நாடு. முன்னொரு வேலைநிறுத்தத்தில், இரண்டு மாதம் வேலையும் இல்லாமல் மழையும் விடாமல் பெய்தபோது, கபிரியேல் அதை உண்டாக்கினான். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற காகிதத்தின் பின்பக்கம் ஆறும் கோட்டையும் வரைந்தான். ஆளுக்கு ஒரு வேஷம் கொடுத்தான். மேடை கிடையாது, பாட்டு கிடையாது. உட்கார்ந்த இடத்திலேயே, நான் இதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதற்கு ஒருபக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய நாலு புளியங்கொட்டைகளை உருட்டுவான். யாருக்கும் தெரியாத சங்கதி ஏதாவது இருந்தால் துண்டுச் சீட்டில் எழுதி அந்த ஆள் கையில் மட்டும் கொடுப்பான். ஆட்டத்தில் சொல்கிற பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டியதில்லை என்று அவனே தீர்ப்பும் கொடுத்திருந்தான். இன்னொரு சட்டமும் உண்டு. கொட்டை உருளுவதற்கு முன்னால் ஒருவன் தந்திரத்தால் எதையாவது எடுத்துக்கொண்டால், எடுத்தது எடுத்ததுதான். குறை சொல்லக்கூடாது.

நல்லமுத்து பக்கத்து வீட்டுக்காரன், அங்கே சேனாதிபதி. கபிரியேலின் தம்பி மிக்கேல்ராஜ் இளைய இளவரசன். மூத்த இளவரசனுக்கும் சாகக் கிடக்கிற ராஜாவுக்கும் கபிரியேலே பேசுவான். பிலோமி மந்திரி. கல்யாணமாகி வந்து இரண்டு வருஷத்தில் லயத்தில் யாரும் அவளிடம் எதற்கும் அபிப்பிராயம் கேட்டதில்லை. ஏழுமேட்டில் அவள் சம்மதிக்காமல் ஒரு கோட்டைக்கதவு திறக்காது.

ராஜா நாலு மாதமாகச் செத்துக்கொண்டிருந்தார். வாரிசு யார் என்று சொல்லவில்லை. ஃபாக்டரி மாடியில் தேயிலைக் கொழுந்தை வாட்டப் போட்டுப் புரட்டும்போதெல்லாம் கபிரியேல் இதையேதான் யோசித்தான். ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போது அவளிடம் சொல்வான். "கெட்டவன்னு ஒருத்தனும் இருக்கக்கூடாது பிலோமி. மூத்தவனுக்கு ஒரு நியாயம், எளையவனுக்கு ஒரு நியாயம். ரெண்டும் சரியா இருக்கணும். அப்பத்தான் சண்டை நிக்காது."

முடிவை மட்டும் ஒருநாள் அவளுக்குச் சொல்லிவிட்டான். மூத்தவன் ராஜாவின் மோதிரத்தைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு மலை இறங்கிப் போய்விடுவான்.

"ஆனா தம்பி வந்து கேக்கணும். கேட்டாக் குடுத்துருவான்."

"ஏழுமேட்டுக்கு மட்டுமா, இங்கயுமா?" என்று அவள் கேட்டாள்.

அவள் கேட்டதில் காரணம் இருந்தது. சூசையப்பனுக்கு டிசம்பரோடு வேலை முடிகிறது. அந்த எஸ்டேட்டில் வழக்கம், வேலை முடிகிறவர் தன் பேருக்கு ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லலாம். ஒரே ஒரு பெயர். அந்தப் பிள்ளைக்கு நிரந்தர வேலை, லயத்து வீடும் அதோடு போகும். கபிரியேலும் மிக்கேலும் இருவருமே தற்காலிகம்தான். யார் பெயர் விழுகிறதோ அவனுக்கு வீடு. மற்றவன் வெளியேற வேண்டும்.

"இங்கயும்தான்" என்றான் கபிரியேல். "நமக்குக் குமுளியில உங்கம்மா இருக்காக. ஏலத்தோட்டத்துல ஆள் எடுக்காக. அவனுக்கு யாரு இருக்கா?"

"எனக்கு இந்த வீடு வேணும்."

"அவன் கேக்கட்டும், பாப்போம்" என்று கையைக் கழுவ எழுந்துவிட்டான்.

திங்கட்கிழமை காலை மஸ்டரில் கிளார்க் ஆள்களின் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டு, இன்னொரு தாளை எடுத்தார். அவரும் வேதக்காரர். மாதா கோயிலில் கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு வாசிப்பதைப் போல, வேலைக்குப் பெயர் மாறுவதையும் மூன்று காலை வாசிப்பார். ஆட்சேபம் உள்ளவர்கள் மூன்றாவது வாசிப்புக்குள் சொல்ல வேண்டும். சொன்னால் மேனேஜர் தகப்பனை மறுபடி கூப்பிட்டு விசாரிப்பார்.

"சூசையப்பன் பேருக்கு, மகன் மிக்கேல்ராஜ்" என்று வாசித்தார்.

பிலோமி ஆண்கள் வரிசையைப் பார்த்தாள். கபிரியேல் தலையில் போட்டிருந்த சாக்கைச் சரிசெய்துகொண்டான். அவனுக்கு நாலு ஆள் தள்ளி மிக்கேல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நடந்தது அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மிக்கேல் அப்பாவைக் கிளார்க் வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறான். அண்ணன் சம்மதித்துவிட்டார், வெளியே சொல்லிக்கொள்ள வெட்கப்படுகிறார் என்று சொல்லியிருக்கிறான். கிழவர் நம்பிக் கைநாட்டு வைத்துவிட்டார். முந்தின மாதம் ஏழுமேட்டில் வடக்குக்கோட்டைத் தலைவனை மிக்கேல் மடக்கியது இதே வழியில்தான். அன்றைக்குக் கபிரியேல் தொடையில் தட்டிச் சிரித்து, "என் தம்பிக்கு மூளை இருக்குல்லா" என்று நல்லமுத்துவிடம் பெருமைப்பட்டுக்கொண்டான்.

அடுப்படியில் வைத்துப் பிலோமி கபிரியேலிடம் மெதுவாகச் சொன்னாள், முன்னறையில் மிக்கேல் படுத்திருந்ததால். "நாளைக்கு மஸ்டர்ல சொல்லுங்க."

"என்னன்னு?"

"மாமாவைப் பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போனான்னு."

"எடுத்தது எடுத்ததுதான். நான் போட்ட சட்டம்."

"அது ஏழுமேட்டுச் சட்டம். இது நாம சோறு பொங்குற வீடு."

அவன் அடுப்பில் விறகைத் தள்ளிவைத்தான். பிறகு, "ஒத்த வார்த்தை பிலோமி. அண்ணே, எனக்கு வேணும்னு. அதக் கேக்க அவனுக்கு வாய் வரல. இப்பயும் வந்து கேக்கட்டும். நான் பாட்டுக்குப் பொட்டியக் கட்டுறேன்" என்றான்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது வாசிப்பு. கலைந்து போகும்போது நல்லமுத்து கபிரியேலின் தோளை இடித்து, "என்ன மன்னா, படையக் கெளப்பட்டுமா? இப்ப எல்லாரும் சாப்பிட்டாச்சு" என்றான். கபிரியேல் திரும்பிப் பார்க்காமல் ஃபாக்டரிப் பாதையில் ஏறினான்.

அன்று மாலை தண்ணீர்க் குழாயடியில் பிலோமி மிக்கேலைப் பிடித்தாள்.

"வெக்கமா இல்லையா மிக்கேலு?"

"இருக்கு மதினி." அவன் குடத்தைக் கீழே வைத்தான். "அண்ணன் ஒரு வார்த்தை கேட்டா இப்பவே போயி பேர வாபஸ் வாங்கிருவேன். ஏம்லே இப்படிச் செஞ்சேன்னு கன்னத்துல ஒரு அறை விட்டாக்கூடப் போதும். அவரு ஒண்ணுமே நடக்காத மாதிரி எனக்குத் துண்டு எடுத்துக் குடுத்துட்டுப் போறாரு. என்னைய மனுசனாவே எண்ணலயே."

"நீ போயி அவருகிட்டப் பேசேன்."

"என்னத்தப் பேச? அவருக்குத் தோணினா அவரு பேசட்டும்."

இருவரின் வார்த்தையும் இப்போது அவள் ஒருத்தியிடம் இருந்தது. அண்ணன் முதலிலேயே கொடுக்கத்தான் நினைத்திருந்தார், நீ கேட்டால் போதும் என்று மிக்கேலிடம் சொல்லியிருக்கலாம். தம்பி அழுகிற நிலையில் இருக்கிறான், ஒரு அறை கொடுங்கள் என்று கபிரியேலிடம் சொல்லியிருக்கலாம். எதைச் சொன்னாலும் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் வீடு? முதல் வார்த்தையைச் சொன்னால் வீடு நிச்சயமாக மிக்கேலுக்கு. இரண்டாவதைச் சொன்னால், அவன் வாபஸ் வாங்குவதற்குள் கபிரியேல் தானே கொடுத்துவிடுவான். அதனால் பிலோமி வாயை மூடிக்கொண்டாள். ஒரு ராத்திரி மிக்கேலை வெட்கத்தோடு தனியாக விட்டால் விடிந்ததும் தானாகவே போய்ப் பேரை எடுத்துவிடுவான் என்று கணக்குப் போட்டாள். மந்திரியாக இருந்தபோது இந்த வழியில் அவள் இரண்டு கோட்டைகளை ஜெயித்திருந்தாள்.

புதன்கிழமை மூடுபனி. கிளார்க்கின் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. வாசித்துவிட்டு, "ஆட்சேபம் உண்டா?" என்றார். மிக்கேல் தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தான். அவன் பார்த்ததைப் பிலோமி பார்த்தாள். கபிரியேல் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அங்கே பனியைத் தவிர ஒன்றும் இல்லை. பெண்கள் வரிசையிலிருந்து யாராவது பேசக்கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பின்னால் நின்ற இருதயம்மாள் கூடையை மாட்டிக்கொண்டே, "என்னடி இவனுக, ஊமையனுகளா?" என்று முணுமுணுத்தாள். கிளார்க் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

ஜனவரியில் அவர்கள் குமுளிக்குப் போனார்கள். புறப்படும்போது மிக்கேல் பஸ் வரைக்கும் பெட்டியைத் தூக்கிவந்து மேலே ஏற்றினான். அண்ணனும் தம்பியும் பஸ் எப்போது வரும், கூரையில் தார்ப்பாய் போட்டிருக்கிறானா என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ஏலத்தோட்டத்தில் ஓடைக்கரையில் ஒரு குடிசை கொடுத்தார்கள். கபிரியேலுக்கு ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை. ஏழுமேட்டைப் பற்றி அவன் அப்புறம் பேசவில்லை. பிலோமி ஒருமுறை பேச்செடுத்தபோது, "ஆள் இல்லாம என்ன ஆட்டம்?" என்றான். குழாயடியில் மிக்கேல் சொன்னதை அவள் அவனிடம் சொல்லவே இல்லை. நாளாக நாளாகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டு போனது.

ஜூலையில் ஒன்பது நாள் விடாமல் மழை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று பிலோமி டவுனுக்குப் போயிருந்த சாயங்காலம் மலை இடிந்து ஓடையோடு இறங்கியது. நாலு குடிசைகள் போயின. கபிரியேலை இரண்டாம் நாள் எடுத்தார்கள்.

மிக்கேலும் நல்லமுத்துவும் அடக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சூசையப்பனால் வர முடியவில்லை. எல்லாம் முடிந்து, ஆள்கள் கலைந்த பிறகு, மிக்கேல் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான். முகம் வீங்கியிருந்தது. வேறு எதையாவது கேட்பான் என்று அவள் நினைத்தாள்.

"மதினி, ஏழுமேட்டுக்கு அண்ணன் என்ன முடிவு வச்சிருந்தாரு? ஒங்ககிட்டச் சொல்லியிருப்பாரே."

அவளுக்கு அவனைக் கொல்ல வேண்டும்போல் இருந்தது. வாயில் வந்ததை எடுத்து வீசினாள். "சொன்னாரு. மூத்தவன் படையோட திரும்பி வாரான். எளையவனைக் கோட்டை வாசல்லயே தூக்குல போடுறான். மூணு நாள் எறக்காம வச்சிருக்கான்."

நல்லமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். மிக்கேல் அசையாமல் கேட்டான். பிறகு அவன் தோள்கள் இறங்கின. நெடுநேரம் சுமந்த சுமையை இறக்கியவனைப் போல மூச்சு விட்டான்.

"அப்ப அண்ணனுக்குக் கோவம் இருந்திருக்கு" என்றான். "அதான் நியாயம் மதினி. எனக்கு அது போதும்."

அன்று ராத்திரி அவள் அம்மா வீட்டு முன்னறையில் அவன் அடித்துப்போட்டதுபோல் தூங்கினான். பிலோமி விழித்துக்கொண்டு அவன் குறட்டையைக் கேட்டாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் ஆயுசுக்கும் தூங்கியிருக்க மாட்டான். அவனை அடிக்க எடுத்த பொய்யே அவனுக்கு மருந்தாகப் போய்விட்டது. காலையில் எழுப்பி உண்மையைச் சொல்லலாமா என்று நினைத்தாள். சொன்னால் குழாயடியையும் சொல்ல வேண்டும். விடிந்ததும் அவனுக்குச் சாயா போட்டுக் கொடுத்தாள். அவன் முதல் பஸ்ஸுக்குப் போனான்.

இப்போது மிக்கேலுக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டுக்குச் சிமெண்டுத்தரை போட்டிருக்கிறானாம். குமுளிப் பக்கம் வரும்போது நல்லமுத்து சொல்லிவிட்டுப் போவான். அவள் கேட்பதில்லை, ஆனாலும் சொல்வான்.

பிலோமி கடைத்தெருவில் ஒரு மண்டியில் ஏலக்காய் பொறுக்குகிறாள். ரேஷன் கடைக்காரர் மாதத்துக்கு ஒருமுறை நினைவுபடுத்துவார், குடும்பத்தலைவர் இறந்துபோனால் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும், ஒரு மனு எழுதினால் போதும் என்று. அவளுக்கு மனு எழுதத் தெரியும். அடுத்த மாதம் என்று சொல்லிவிட்டு அரிசியை வாங்கிக்கொண்டு வருவாள். கார்டில் குடும்பத்தலைவர் பெயர் கபிரியேல் என்றே இருக்கிறது.